ஸ்பானிஷில் ஓர் உதவி கேட்க நேர்வழி தமிழ்

மாட்ரிட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் பிரச்சினைகள் ஏறக்குறைய ஒரே வகைதான். இன்டர்நெட் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுத வேண்டும். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வாஷிங் மெஷின் ஓடவில்லை. வீட்டு முகவரி மாறியதை வங்கியில் சொல்ல வேண்டும். இவர்களில் பலர் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனவர்கள், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவர்கள். ஆனால் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றதும் மனத்துக்குள் முதலில் ஓர் ஆங்கில வாக்கியம்தான் எழுகிறது. அதை அவசர அவசரமாக ஸ்பானிஷுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். "புவேதோ தெனேர் உன் கஃபே?" என்று காபி கேட்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் சரி. கேட்கும் ஸ்பானியருக்கோ, 'ஒரு காபியை நான் வைத்துக்கொள்ள முடியுமா' என்பதுபோல் ஒலிக்கும்.

காபி எப்படியும் வந்துவிடும். பணம் திரும்பி வர வேண்டிய இடத்தில்தான் இந்தப் பழக்கம் காலை வாருகிறது. ஆங்கிலத்தில் பணிவு என்று பழகியதையெல்லாம், முன்னாலும் பின்னாலும் மன்னிப்பு, வரிக்கு ஒரு 'தயவுசெய்து', 'உங்களால் ஒருவேளை இயலுமானால்' என்ற இழுப்பு எல்லாவற்றையும், ஸ்பானிஷில் கொட்டினால், கேட்க வந்த விஷயம் அதற்குள் புதைந்துபோகிறது. எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காத ஒன்று உண்டு. ஸ்பானிஷில் மரியாதையாக ஒன்றைக் கேட்டுப் பெற, தமிழர்கள் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. நம் வீட்டிலும் கடைத்தெருவிலும் நாம் கேட்கும் முறைக்கும் இவர்கள் கேட்கும் முறைக்கும் நெருக்கம் அதிகம்.

அந்தக் காபியையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டு பாரில் காலையில் நுழைபவர் சொல்வது, "புவெனோஸ் தியாஸ். மெ போனே உன் கஃபே கொன் லேச்சே?" காலை வணக்கம், எனக்கு ஒரு பால் காபி போடுகிறீர்களா. போனேர் என்றால் வைப்பது, போடுவது. நாமும் காபி போடச் சொல்கிறவர்கள்தானே! 'முடியுமா' என்ற வினை அதில் இல்லை. 'எனக்கு', 'போடுகிறீர்களா', அவ்வளவுதான். நிகழ்காலத்தில் ஒரு நேர்க்கேள்வி. பில் கேட்பதும் அப்படித்தான். "மெ கோப்ரா?" என்றால் 'பணம் வாங்கிக்கொள்கிறீர்களா' என்று பொருள். முதலில் வணக்கம், கடைசியில் 'கிராஸியாஸ்' என்று ஒரு நன்றி, நடுவில் இந்தக் கேள்வி. 'போர் ஃபவோர்', அதாவது 'தயவுசெய்து', சேர்த்தாலும் நல்லதுதான், பலர் சேர்ப்பார்கள். ஆனால் வணக்கம் சொல்லாமல் நேராகப் போய் மூன்று 'போர் ஃபவோர்' போட்டாலும் ஆளைப் பார்க்காமல் பொருளைக் கேட்டதாகத்தான் எண்ணுவார்கள். சந்தையில் மீன்கடை முன்னால் கூட்டம் நின்றால், வந்ததும் பொதுவாக எல்லோரையும் பார்த்து "கியென் எஸ் எல் உல்திமோ?", கடைசியாக நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும். கையை உயர்த்துபவருக்குப் பின்னால் நம் முறை. வரிசை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அது இருக்கிறது. மீனைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய மரியாதை இது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் 'போடுகிறீர்களா' என்பதன் கடைசியில் இருக்கும் ஆகாரம் அதைக் கேள்வியாக்குகிறது. ஸ்பானிஷில் அப்படி எந்த விகுதியும் கிடையாது. சொற்களின் வரிசையும் மாற வேண்டியதில்லை. பேச்சில் குரலின் ஏற்றம்தான் கேள்வி. எழுத்தில், வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி அந்த வேலையைச் செய்கிறது. ஸ்பானிஷ் அரச அகாடமி 1754இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தில் அதை விதியாக்கியது. வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியில் அவசரத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் இரண்டு குறிகளையும் விட்டுவிட்டு 'மெ என்வியா லா ஃபக்தூரா' என்று எழுதினால், 'பில்லை எனக்கு அனுப்புகிறீர்களா' என்பது 'எனக்குப் பில்லை அனுப்புகிறார்' என்றோ ஓர் உத்தரவாகவோ நின்றுவிடும். அந்த இரண்டு குறிகளுக்கும் ஒரு நொடி செலவழிப்பது தகும்.

மரியாதை விகுதிக்கு வருவோம். 'நீ' என்பதற்கு தூ, 'நீங்கள்' என்பதற்கு உஸ்தெத் என்று வகுப்பில் சொல்லித் தந்துவிடுகிறார்கள். உஸ்தெத், 'புவெஸ்த்ரா மெர்ஸெத்' என்ற பழைய விளியிலிருந்து தேய்ந்து வந்தது. தங்கள் அருள், தங்கள் சமுகம் என்பதைப் போன்ற மொழி அது. அதனால்தான் அதற்கு வரும் வினை முன்னிலையில் இல்லாமல் படர்க்கையில் இருக்கிறது. நமக்கு இதில் வியப்பில்லை. 'தாங்கள்' என்ற சொல்லும் படர்க்கையிலிருந்து எதிரில் இருப்பவருக்கு வந்த மரியாதைதான். இன்னொன்றும் நமக்குப் பழக்கமானது. ஸ்பானிஷில் 'உஸ்தெத்' என்று வாய்விட்டுச் சொல்லாமலே, வினையின் கடைசி எழுத்திலேயே மரியாதை வந்துவிடும். போனெஸ் என்றால் ஒருமை, போனே என்றால் மரியாதை. 'வாருங்கள்' என்றாலே போதும், 'நீங்கள்' வேண்டாம் என்பதைப் போல. ஆங்கிலம் வழியாக வருபவர்களுக்கு இந்த இடம் பெரிய மேடாகத் தெரிகிறது. தமிழ்ப் பிள்ளைகளும் அதே மேட்டில் ஏறி மூச்சு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடமும் இங்கேயே இருக்கிறது. ஸ்பெயினில் கடைப் பணியாளர், வங்கி ஊழியர், சில நேரம் மருத்துவர்கூட நம்மைத் 'தூ' என்று விளிப்பார்கள். வந்த புதிதில் இது 'நீ' என்று காதில் விழுந்து சுருக்கென்று தைக்கும். அவமதிப்பு எதுவும் அதில் இல்லை. இந்த நாட்டில் தூ பரவியிருக்கும் அளவுக்கு நம் ஊரில் 'நீ' பரவவில்லை. அதே நேரத்தில் வயதானவர்களிடமும், பழக்கமில்லாத அலுவலகத்திலும், குறிப்பாகப் புகார் எழுதும்போதும், நான் உஸ்தெத்தை விடமாட்டேன். எதிரில் இருப்பவர் 'தூ' என்றே பேசினாலும் பரவாயில்லை. நிறுவனத்துக்கு எழுதினால் பன்மை, உஸ்தேதெஸ். பணம் பற்றிய பேச்சில் கொஞ்சம் இடைவெளி இருப்பது இரு தரப்புக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

வேண்டும் என்பதைச் சொல்ல ஸ்பானிஷில் ஒரு படிக்கட்டே இருக்கிறது. கியெரோ என்றால் வேண்டும், விரும்புகிறேன். கடையில் அது சற்றுக் கறார். கெரியா என்றால் இறந்தகாலம். கிசியெரா இன்னும் ஒரு படி பின்னால் போய் நிற்கும் வடிவம். இப்போது நின்று கேட்கிற ஒன்றை ஏன் இறந்தகாலத்தில் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். 'பணிவின் இறந்தகாலம்' என்றே இலக்கண நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. ஆனால் நம் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் என்ன சொல்வாள்? 'ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்.' 'உங்களிடம் ஓர் உதவி வேண்டியிருந்தது.' வேண்டியிருப்பது இப்போது, சொல்வது கடந்த காலத்தில். ஒரு காலடி பின்னால் வைத்துக் கேட்டால், மறுப்பதற்கு எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. கெரியா செய்வதும் அதையேதான். 'கெரியா பிரெகுன்தார் உனா கோஸா', ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இந்த ஒரு தொடரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகக் கவுண்டரிலும் பேச்சைத் தொடங்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நேசிக்கும் நெருக்கம், தவறு நடந்ததைச் சொல்லும் முறையில் இருக்கிறது. தமிழில் உடைந்தது, உடைத்தேன் என்று இரண்டு உண்டு. கண்ணாடி கை நழுவி விழுந்தால் 'கண்ணாடி உடைந்துவிட்டது' என்போம். யாரும் பொய் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததற்கும் நேர்ந்துவிட்டதற்கும் மொழி வேறுபாடு வைத்திருக்கிறது. ஸ்பானிஷிலும் அப்படியே. 'ஸெ மெ ஆ கயீதோ' என்றால் 'என் கையிலிருந்து விழுந்துவிட்டது'. பொருள்தான் எழுவாய். அதை நழுவவிட்டவர் நம் கு உருபைப் போன்ற ஒரு சிறு 'மெ'யில் ஒதுங்கி நிற்கிறார். இதை அப்படியே எதிர்த்தரப்புக்கும் தரலாம். 'நீங்கள் என் பில்லில் தவறு செய்திருக்கிறீர்கள்' என்றால், தொலைபேசியில் இருக்கும் அந்தப் பெண் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவாள். அவள் அந்தத் தவறைச் செய்திருக்கமாட்டாள். பில் போட்டது வேறொரு கட்டடத்தில் ஓடும் கம்ப்யூட்டராக இருக்கும். 'ஸெ ஆ ப்ரொதுஸிதோ உன் எர்ரோர் என் லா ஃபக்தூரா', பில்லில் ஒரு தவறு நேர்ந்திருக்கிறது என்றால், அவளும் நாமும் ஒரே பக்கத்தில் நின்று அந்தத் தவறைப் பார்க்கலாம். குற்றத்தை மறைக்கும் பேச்சாக இதைச் சிலர் நினைக்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். தவறு என்ற சொல் வாக்கியத்தில் தெளிவாகவே இருக்கிறது. யார் என்று விரல் நீட்டுவது மட்டும்தான் இல்லை. விரல் நீட்டுவதால் பணம் சீக்கிரம் வருவதில்லை.

மாட்ரிட்டில் ஸ்பானிஷ் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொலம்பியா, ஈக்வடார், பெரு நாட்டவர்கள் இங்கே பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். கடையில் நம்மை வரவேற்பவரும் தொலைபேசியில் நம் பேச்சைக் கேட்பவரும் அவர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு மிகுதி. ஸ்பானியரின் 'போனே' அவர்கள் ஊரில் அவ்வளவாகச் செல்லாது. கொலம்பியர் "மெ ரெகாலா உன் தின்தோ?" என்பார். ரெகலார் என்றால் பரிசளிப்பது. காசு கொடுத்து வாங்கும் காபியையும் கையெழுத்தையும் பேனாவையும் அந்த வினையால்தான் கேட்பார்கள். தின்தோ அங்கே கருங்காபி, இங்கே சிவப்பு ஒயின். ஈக்வடாரின் மலைநாட்டில் வழங்கும் வடிவம் எனக்கு மிகப் பிடித்தது. "தெமே பஸாந்தோ லா ஸால்" என்று உப்பைக் கேட்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நகர்த்திக் கொடுங்கள்'. அங்கே காலங்காலமாகப் பேசப்படும் கீச்சுவா மொழியின் தாக்கம் இது என்று மொழியியலார் சொல்கிறார்கள். செய்து கொடுங்கள், எடுத்துக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள் என்று நாள் முழுவதும் சொல்லும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. வினையெச்சத்தையும் 'கொடு'வையும் இடம் மாற்றினால் போதும். அதே நாட்டில் 'நோ ஸெயா மலீதோ' என்றும் கெஞ்சலாகச் சேர்த்துக்கொள்வார்கள், 'பொல்லாதவராக இருக்காதீர்கள்' என்ற பொருளில். மலீதோவில் இருக்கும் அந்தச் சிறுமை விகுதி, உன் மொமென்தீதோ (ஒரு நிமிடம்), கஃபெஸீதோ (காபி) என்று லத்தீன் அமெரிக்கப் பேச்சு முழுவதும் பரவிக் கிடக்கிறது. 'கொஞ்சம் நகருங்கள்', 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்பதில் நம் 'கொஞ்சம்' அளவைக் குறிக்கிறதா என்ன? இந்த விகுதியின் வேலையும் அதுதான்.

எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் திரும்பி வருவது பெரும்பாலும் எழுத்தால்தான். இங்கே படிக்கும் ஒரு மாணவி, வீடு மாறியபோது இன்டர்நெட் இணைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டாள். நிறுவனம் அடுத்த மாதமும் பணம் எடுத்தது, அதற்கடுத்த மாதமும் எடுத்தது. அவள் எழுதிவைத்திருந்த புகாரின் முதல் பத்தி முழுவதும் மன்னிப்பு. தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும், என் ஸ்பானிஷுக்கு மன்னிக்கவும். இரண்டாம் பத்தி முழுவதும் கோபம். இது வெட்கக்கேடு, நான் வற்புறுத்துகிறேன் என்று போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு பணம், எந்தத் தேதி, என்ன செய்ய வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. பணிவும் கோபமும் சேர்ந்து கோரிக்கையைத் தின்றுவிட்டன. நம் ஊர் வழக்கமும் இதற்கு ஒரு காரணம். பெரியவர்களிடம் நம் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வோம், செய்ய வேண்டியதை அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று. நிறுவனம் புரிந்துகொள்ளாது. அதனிடம் கேட்க வேண்டும்.

ஸ்பெயினின் அரசு மனுக்களில் இரண்டு பகுதிகள் இருக்கும். 'எக்ஸ்போனே' என்ற தலைப்பின் கீழ் நடந்தது, 'ஸொலிஸீதா' என்ற தலைப்பின் கீழ் கேட்பது. மிகப் பழைய, வறண்ட வடிவம். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு உண்டு. அவளுடைய கடிதத்தை அந்த அச்சில் உட்கார்ந்து எழுதினோம். விளி, 'எஸ்திமாதோஸ் ஸெஞோரெஸ்', மதிப்புக்குரிய ஐயாமார்களே. அதன்பின் ஆங்கிலக் கடிதத்தைப் போலக் கமா போடக் கூடாது, முக்காற்புள்ளி வைக்க வேண்டும். அடுத்து 'மெ திரீஹோ ஆ உஸ்தேதெஸ்', தங்களுக்கு இதை எழுதுகிறேன். பிறகு இணைப்பை நிறுத்தக் கோரிய தேதி. கோரிக்கை கிடைத்து இரண்டு வேலை நாள்களுக்குப் பிறகு கட்டணம் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் அரசாணை சொல்கிறது என ஒரு வரி. அதன்பின் எடுத்த இரண்டு தொகைகளும் அவற்றின் தேதிகளும். இதெல்லாம் 'எக்ஸ்போனே'. அடுத்த பத்தி ஒரே வாக்கியம். 'ஸொலிஸீதோ லா தெவொலுஸியோன் தெல் இம்போர்தே', தொகையைத் திருப்பித் தரக் கோருகிறேன், எந்தக் கணக்கில் என்பதோடு. அவள் எழுதியிருந்த 'எக்ஸிஹோ', அதாவது வற்புறுத்துகிறேன் என்பதை எடுத்துவிட்டோம். ஸொலிஸீதோவில் தயக்கம் சிறிதும் இல்லை, உரசலும் இல்லை.

கடைசியில் ஒரு மென்மையான வாக்கியம் வேண்டும் என்றாள். அதற்கு உரிய இடம் அதுதான். 'லெஸ் அக்ரதெஸெரியா கெ மெ கொன்ஃபிர்மாரான் லா பாஹா போர் எஸ்க்ரீதோ', இணைப்பு நிறுத்தப்பட்டதை எழுத்தில் உறுதிசெய்தால் நன்றியுடையவளாக இருப்பேன். நன்றி என்ற சொல் நடக்கப்போகிற செயலோடு கட்டப்பட்டிருக்கிறது. செய்தால்தான் நன்றி! 'கேதோ ஆ லா எஸ்பேரா தெ ஸு ரெஸ்புவெஸ்தா', பதிலை எதிர்பார்க்கிறேன். 'இப்படிக்கு' என்பதுபோல் 'அதெந்தமென்தே' என்று எழுதிக் கையெழுத்து. ஒரு பக்கம்கூட வரவில்லை. மன்னிப்பு ஓரிடத்திலும் இல்லை, மரியாதைக் குறைவும் ஓரிடத்திலும் இல்லை. நிறுவனத்துக்குப் பதில் சொல்ல ஒரு மாத அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, தொலைத்தொடர்புப் பயனாளர்களுக்கென்று அரசு நடத்தும் அலுவலகத்துக்கு மூன்று மாதங்களுக்குள் போகலாம். அவள் அங்கே போக நேரவில்லை. இரண்டு தொகையும் திரும்பி வந்தன.

கடைகளுக்கு இவ்வளவு எழுத வேண்டாம். ஸ்பெயினில் பொதுமக்களுக்குப் பொருளோ சேவையோ விற்கும் இடங்களில் 'ஓஹா தெ ரெக்லமாஸியோனெஸ்' என்னும் புகார்ப் படிவம் இருப்பதாகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். ஒரு படி அரசுக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று நமக்கு. வாஷிங் மெஷின் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் வலுவாகவே இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் வாங்கிய புதுப் பொருளுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு, விற்ற கடைதான் அதற்குப் பொறுப்பு. தயாரித்த கம்பெனிக்கு போன் செய்யுங்கள் என்று கடைக்காரர் அனுப்பப் பார்த்தால், அசையாமல் நின்று, 'லா லவதோரா ஆ தெஹாதோ தெ ஃபுன்ஸியொனார்' என்று மறுபடியும் சொல்லலாம். இயந்திரம் ஓடுவதை நிறுத்திவிட்டது என்றுதான் பொருள், யாரையும் சுட்டவில்லை. அப்போதும் நகராவிட்டால், குரலை உயர்த்தாமல், காபி கேட்ட அதே தொனியில் "மெ தா உனா ஓஹா தெ ரெக்லமாஸியோனெஸ், போர் ஃபவோர்?" என்று கேட்க வேண்டும். இந்தப் 'போர் ஃபவோர்' அவசியம். படிவத்தை எடுக்கக் குனிந்தவர் நிமிர்வதற்குள் மனம் மாறி, மேலாளரைக் கூப்பிட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தொலைபேசி கடினம்தான், முகமும் கையும் உதவ மாட்டா. வாக்கியங்களை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வணக்கம், 'கெரியா'வில் தொடங்கும் ஒரு வாக்கியம், தேதி, தொகை. புரியாவிட்டால் "மெ லோ ரெபீதே மாஸ் தெஸ்பாஸியோ?", கொஞ்சம் மெதுவாகத் திரும்பச் சொல்கிறீர்களா. வேறு பிரிவுக்கு மாற்றினால் மறுபடியும் வணக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், அவர் புது மனிதர். முடிக்கும்முன் "மெ ஃபஸிலீதா எல் நூமெரோ தெ ரெஃபெரென்ஸியா?" என்று புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதைத் தரக் கடமைப்பட்டவை. எண்ணை எழுதி, அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டி, 'கிராஸியாஸ், புவென் தியா' சொன்ன பிறகு போனை வைத்தால் போதும்.